ஃபிரான்சஸ் டேவர்ன் அருங்காட்சியகம், நியூயார்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்குக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் சுதந்திர தேவி சிலைக்குப் படகு ஏறிவிட்டு, வால் ஸ்ட்ரீட் காளையோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில், நடந்தே போகக்கூடிய தூரத்தில், 18-ம் நூற்றாண்டின் மதுவிடுதி ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அதைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது சரியாக எங்கே இருக்கிறது?

மன்ஹாட்டன் தீவின் தென்கோடியில், பேர்ல் தெருவும் பிராட் தெருவும் சந்திக்கும் மூலையில். முகவரி 54, பேர்ல் தெரு. சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள். நடுவே செங்கல் சுவரும் சரிந்த கூரையுமாகச் சில மாடிகளே உள்ள கட்டடம். தவறவிட முடியாது.

டேவர்ன் என்றால் பார்தானே? ஒரு குடிக்கிற இடத்துக்கு ஏன் அருங்காட்சியகம்?

குடித்தார்கள், உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து டேவர்ன் அதோடு நிற்கவில்லை. ஊருக்கு வந்த பயணி சாப்பிட்டுத் தூங்கியது அங்கே. கடிதம் வந்து சேர்ந்ததும், செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டதும் அங்கே. வியாபாரிகள் கப்பல் சரக்கை விலை பேசினார்கள், ஏலம் நடந்தது, நடன விருந்து நடந்தது. பொதுக்கூட்டத்துக்குத் தனி மண்டபங்கள் அரிதாக இருந்த ஊரில் ஐம்பது பேர் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் டேவர்னின் பெரிய அறைதான் கதி.

நியூயார்க் வணிகர் சங்கம் 1768-ல் தொடங்கப்பட்டது இந்தக் கட்டடத்தில்தான். வியாபாரம் இங்கே பேசப்பட்டது என்றால் அரசியலும் இங்கேதான் பேசப்பட்டிருக்கும், இல்லையா?

குடித்தது என்ன என்றும் சிலர் கேட்பார்கள். மதேரா என்ற போர்த்துகீசியத் தீவின் ஒயின், பீர், சைடர், எல்லாவற்றுக்கும் மேலாக பஞ்ச். ரம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மேலே கொஞ்சம் ஜாதிக்காய்த் துருவல். பெரிய பீங்கான் கிண்ணத்தில் கலந்து மேசைக்கு வரும். கிழக்கிலிருந்து கப்பலில் வந்த சாராயம் ரம்முக்குப் பதில் சேர்ந்தால் அது பணக்காரர் பஞ்ச். இதில் ரம்மும் சர்க்கரையும் கரீபியத் தீவுகளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களின் உழைப்பில் விளைந்தவை. பிறகு சொல்லப்போகும் ஒரு விஷயத்துக்காக இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியது யார்?

ஸ்டீபன் டிலான்சி என்ற பிரெஞ்சு வம்சாவளி வணிகர், 1719-ல். மனைவி வழியில் வந்த நிலம். அவர் கட்டியது வீடுதான். 1762-ல் சாமுவேல் ஃபிரான்சஸ் அதை 2,000 பவுண்டுக்கு வாங்கி டேவர்னாக மாற்றினார். அப்போதைய இங்கிலாந்து அரசி சார்லட்டின் தலை வரைந்த பலகையை வாசலில் மாட்டினார். அதனால் ‘குவீன்ஸ் ஹெட்’ என்று பெயர். அரசியின் பெயரில் தொடங்கிய இடம் அரசனுக்கு எதிரான கூடாரமாக மாறப் பன்னிரண்டு வருடம்கூட ஆகவில்லை.

சாமுவேல் ஃபிரான்சஸ் கறுப்பினத்தவரா?

இது விவாதத்துக்குரிய கேள்வி. ‘பிளாக் சாம்’ என்று அவருக்குப் பட்டப்பெயர் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர் என்று ஒரு மரபு உண்டு. இவற்றை வைத்து அவர் ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று நம்புகிறவர்கள் பலர். மறுபக்கம், 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவரை வெள்ளையர் என்றே பதிவு செய்திருக்கிறது. அவரே அடிமைகளை வைத்திருந்தார். அவருடைய படம் என்று பல ஆண்டுகளாகக் காட்டப்பட்டுவந்த ஓவியமும் அவருடையது அல்ல என்று தெரிந்துவிட்டது. பழைய புத்தகங்களில் அந்தப் படத்தைப் பார்த்தால் நம்பாதீர்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது, அவர் கைப்பக்குவம் பெயர்பெற்றது. ஜார்ஜ் வாஷிங்டன் 1789-ல் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரானபோது வீட்டு நிர்வாகத்தை ஒப்படைத்தது இவரிடம்தான். முதலில் நியூயார்க்கில், பிறகு பிலடெல்பியாவில். 1795-ல் பிலடெல்பியாவிலேயே இறந்தார்.

அமெரிக்கச் சுதந்திரப் போராட்டத்தில் இந்த இடத்துக்கு என்ன பங்கு?

ஆங்கிலேயர் விதித்த தேயிலை வரியை எதிர்த்து பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியது (1773 டிசம்பர்) எல்லோருக்கும் தெரியும். நியூயார்க்கிலும் அப்படி ஒன்று நடந்தது. 1774 ஏப்ரலில் ‘லண்டன்’ என்ற கப்பல் வந்தது. தேயிலை இல்லை என்று முதலில் சொன்ன கேப்டன் சேம்பர்ஸ், கடைசியில் 18 பெட்டி வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டார். அவரை உட்கார வைத்து விசாரித்தது இந்த டேவர்னில். அன்று இரவே கூட்டம் கப்பலில் ஏறிப் பெட்டிகளை உடைத்துத் தண்ணீரில் கொட்டியது. (அது சீனத் தேயிலை. அசாம், இலங்கைத் தேயிலையெல்லாம் அடுத்த நூற்றாண்டுக் கதை.)

1775 ஆகஸ்டில் இன்னொரு சம்பவம். கரையோரக் கோட்டையில் இருந்த பீரங்கிகளை மாணவர்களும் உள்ளூர்ப் படையினரும் இரவோடு இரவாக இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் அலெக்சாண்டர் ஹாமில்டன், பின்னாளில் அமெரிக்காவின் முதல் நிதிச் செயலர், அப்போது கல்லூரி மாணவர். துறைமுகத்தில் நின்ற ‘ஏஷியா’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஊரை நோக்கிச் சுட்டது. குண்டு ஒன்று டேவர்னின் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்ததாகச் சொல்வார்கள்.

1776-ல் ஆங்கிலேயர் நியூயார்க்கைப் பிடித்தார்கள். போர் முடியும்வரை ஏழு ஆண்டுகள் ஊர் அவர்கள் கையில் இருந்தது. 1781-ல் யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை சரணடைந்த பிறகும் நியூயார்க்கை விடவில்லை. நமக்கும் இந்தக் கார்ன்வாலிஸ் அந்நியர் அல்ல. அவர்தான் பிறகு இந்தியாவில் கவர்னர் ஜெனரலாகி, 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலையும் திண்டுக்கல்லையும் கம்பெனிக்கு எழுதி வாங்கியவர்.

வாஷிங்டன் விடைபெற்றது இங்கேதானா?

ஆமாம். போரில் அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த வாஷிங்டன் தன் அதிகாரிகளிடம் விடைபெற்றது இங்கேதான். இந்த வீடு காப்பாற்றப்பட்டதே அதனால்தான்.

1783 நவம்பர் 25-ம் தேதி கடைசி ஆங்கிலேயப் படை ஊரைவிட்டுக் கப்பலேறியது. அன்று மாலை நியூயார்க் கவர்னர் ஜார்ஜ் கிளின்டன் இந்த டேவர்னில் விருந்து கொடுத்தார். பதின்மூன்று மாநிலங்களின் கணக்கில் 13 முறை கோப்பை உயர்த்தப்பட்டது.

ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 4 நண்பகலில், மாடியில் இருந்த நீள அறையில் அதிகாரிகள் கூடினார்கள். பெரிய கூட்டம் இல்லை. படையில் பலர் முன்பே ஊர் திரும்பியிருந்தார்கள். நடந்ததை நாம் அறிவது பெஞ்சமின் டால்மாட்ஜ் என்ற அதிகாரி முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்பால். போர்க்காலத்தில் வாஷிங்டனுக்காக நியூயார்க் ஒற்றர் வலையை நடத்தியவர் அவர். அவர் எழுதியபடி, வாஷிங்டன் ஒயினை ஊற்றிக்கொண்டு, அன்பும் நன்றியும் நிறைந்த மனதோடு விடைபெறுகிறேன் என்றார். ஒவ்வொருவரிடமும் வர இயலவில்லை, நீங்களே வந்து கைகொடுத்தால் நன்றியுடையவனாவேன் என்றார். அருகில் நின்ற தளபதி ஹென்றி நாக்ஸ் முதலில் போனார். கண்ணீரோடு இருவரும் தழுவிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக. யாரும் வார்த்தை பேசவில்லை. வாஷிங்டன் வெளியே நடந்து, படகேறி, அன்னாபோலிஸ் போய், டிசம்பர் 23-ம் தேதி படைத்தலைமையை காங்கிரஸிடம், அதாவது மாநிலப் பிரதிநிதிகளின் அவையிடம், திருப்பிக் கொடுத்தார்.

வென்ற தளபதி ஒருவர் படையைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டை எடுத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார் என்பது சின்ன விஷயம் இல்லை. அந்த அறை கொண்டாடப்படுவதில் எனக்கு மறுப்பே கிடையாது.

அப்படியானால் இதே இடத்தில் நடந்த ‘பர்ச் விசாரணை’ என்பது என்ன?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் சேர்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், இந்தக் கட்டடத்தில் நடந்தவற்றில் மிகக் கனமானது இதுதான்.

போர்க் காலத்தில் ஆங்கிலேயர் ஓர் அறிவிப்புச் செய்திருந்தார்கள்: அமெரிக்கக் கிளர்ச்சியாளர்களிடம் அடிமையாக இருப்பவர்கள் தப்பித்து எங்கள் பக்கம் வந்தால் பாதுகாப்பு உண்டு. 1775-ல் வர்ஜீனியா கவர்னர் டன்மோர் தொடங்கிவைத்தார். 1779-ல் அது இன்னும் விரிவானது. ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் உயிரைப் பணயம் வைத்துத் தப்பி வந்தார்கள். நியூயார்க்கில் சமைத்தார்கள், துணி துவைத்தார்கள், அரண் கட்டினார்கள், படையில் சேர்ந்தார்கள்.

சமாதான உடன்படிக்கை வந்தபோது அதன் ஏழாவது பிரிவு, ஆங்கிலேயர் போகும்போது ‘நீக்ரோக்களையோ மற்ற உடைமைகளையோ’ கொண்டுபோகக் கூடாது என்றது. தப்பி வந்தவர்களைத் தேடி அவர்களுடைய பழைய எஜமானர்கள் நியூயார்க் தெருக்களில் வந்து இறங்கினார்கள். 1783 மே 6-ம் தேதி டாப்பன் என்ற ஊரில் ஆங்கிலேயத் தளபதி கை கார்ல்டனும் வாஷிங்டனும் சந்தித்தார்கள். வாஷிங்டன் ஆட்களைத் திருப்பித் தரச் சொன்னார். கார்ல்டன் மறுத்தார்: வாக்குக் கொடுத்துவிட்டோம், அவர்கள் சுதந்திரமானவர்கள், வேண்டுமானால் பெயர்களைப் பதிவு செய்கிறோம், பிறகு இழப்பீடு பேசலாம் என்றார்.

தகராறு வந்த வழக்குகளை விசாரிக்க, நகரத் தளபதி சாமுவேல் பர்ச்சின் பொறுப்பில் ஒரு குழு அமைந்தது. மே முதல் நவம்பர் வரை, புதன்கிழமைதோறும், இந்த டேவர்னில் அது கூடியது. ஒருவர் வந்து நின்று, நான் இந்த வருடம் இந்த வழியாக உங்கள் எல்லைக்குள் வந்தேன் என்று நிரூபிக்க வேண்டும். எதிரில் ‘இவள் என் சொத்து’ என்று சொல்ல வந்தவர் நிற்பார். ஒப்புக்கொள்ளப்பட்டவருக்கு பர்ச்சின் பெயரில் சான்றிதழ் கிடைத்தது. அது இருந்தால் கப்பலேறலாம். ஒப்புக்கொள்ளப்படாதவர் மீண்டும் அடிமை.

போனவர்களின் பெயர்கள் ஒரு பேரேட்டில் எழுதப்பட்டன. பெயர், வயது, உடலமைப்பு, யாரிடம் அடிமையாக இருந்தார், எப்போது தப்பினார், எந்தக் கப்பல் என்று வரிசை வரிசையாக. 1,336 ஆண்கள், 914 பெண்கள், 750 குழந்தைகள். மொத்தம் 3,000 பேர். பெரும்பாலோர் போனது கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு.

அந்தப் பேரேட்டில் டெபோரா என்ற 20 வயதுப் பெண்ணின் பெயர் இருக்கிறது. முகத்தில் அம்மைத் தழும்பு என்று எழுதியிருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் தப்பி வந்தவர். முன்பு யாருடைய அடிமை என்ற இடத்தில் இருப்பது ஜெனரல் வாஷிங்டனின் பெயர். ஹாரி வாஷிங்டன் என்பவரும் அப்படித்தான், வாஷிங்டனின் மவுன்ட் வெர்னான் பண்ணையிலிருந்து ஓடி வந்தவர். அவர் நோவா ஸ்கோஷியா போய், 1792-ல் சுமார் 1,200 பேரோடு மறுபடி கப்பலேறி, ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் குடியேறினார். அங்கேயும் நிலவரியை எதிர்த்து நடந்த 1800-ம் ஆண்டுக் கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக நாடுகடத்தப்பட்டார்.

கார்ல்டனைத் தெய்வமாக்கவும் தேவையில்லை. ஆங்கிலேயருக்கு விசுவாசமாக இருந்த வெள்ளையர்கள் தங்கள் அடிமைகளைக் கூடவே கூட்டிப்போனார்கள். அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் வாஷிங்டன் கண்ணீரோடு விடைபெற்ற அதே கூரையின் கீழ், சில நாள் முன்புவரை, அவரிடமிருந்து தப்பியவர்களைப் போன்ற மக்கள் தங்கள் விடுதலைக்கு வாதாடிக்கொண்டிருந்தார்கள். அருங்காட்சியகம் நீண்ட காலமாக வாஷிங்டன் விடைபெற்ற கதையை மட்டுமே சொல்லி வந்தது. இப்போது பர்ச் விசாரணைக்கும் தனிக் காட்சி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அதை அங்கே செலவிடுங்கள்.

வாஷிங்டனுக்கு வைத்த விஷத்தை ஃபிரான்சஸின் மகள் கண்டுபிடித்தாராமே?

பட்டாணியில் விஷம் கலந்திருந்ததாகவும், ஃபீபி என்ற மகள் எச்சரித்ததாகவும், வெளியே கொட்டிய பட்டாணியைக் கொத்திய கோழி செத்துப்போனதாகவும் கதை. அந்தக் காலத்து ஆவணம் எதுவும் இதற்கு ஆதாரமாக இல்லை. வாஷிங்டனின் மெய்க்காவலர்களில் ஒருவரான தாமஸ் ஹிக்கி, சதியில் சேர்ந்ததற்காக 1776 ஜூன் 28-ல் தூக்கிலிடப்பட்டது மட்டும் உண்மை. பட்டாணி பிறகு சேர்ந்தது.

போருக்குப் பிறகு?

1785-ல் ஃபிரான்சஸ் விற்றுவிட்டார். அப்போது நியூயார்க்தான் தலைநகரம். வெளியுறவு, போர், நிதி ஆகிய மூன்று துறைகளும் 1788 வரை இங்கே வாடகைக்கு இருந்தன. போர்த்துறைச் செயலர் யார் தெரியுமா? இதே வீட்டில் வாஷிங்டனை முதலில் தழுவிய நாக்ஸ்தான்.

நாம் பார்ப்பது அசல் கட்டடமா?

நேர்மையான பதில்: பெரும்பகுதி இல்லை.

19-ம் நூற்றாண்டில் இது சாதாரண தங்கும் விடுதியாகவும் மதுக்கடையாகவும் இருந்தது. 1832, 1837, 1852 என்று பல தீ விபத்துகள். மேலே மாடிகள் ஏற்றப்பட்டன, கூரை தட்டையானது. 1890-ல் கீழ்த்தளத்தைத் தெரு மட்டத்துக்கு இறக்கியபோது, பழைய உத்திரக் கட்டைகளை நினைவுப் பொருளாக விற்றுவிட்டார்கள். கேட்கவே மனம் கசக்கிறது. 1904-ல், சுதந்திரப் போரில் பங்கெடுத்தவர்களின் வழித்தோன்றல்கள் நடத்தும் ‘சன்ஸ் ஆஃப் தி ரெவல்யூஷன்’ அமைப்பின் நியூயார்க் கிளை வாங்கியது. அதற்கான பணத்தை உயிலில் விட்டுப்போனவர் டால்மாட்ஜ் குடும்பத்தில் வந்தவர். கட்டடக் கலைஞர் வில்லியம் மெர்சரோ, மிச்சமிருந்த சுவர்களையும் கூரை இருந்த தடயங்களையும் வைத்து 18-ம் நூற்றாண்டு வீடு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக் கட்டினார். 1907 டிசம்பர் 4-ம் தேதி திறப்பு. டிலான்சி கட்டிய வீட்டின் அசல் ஓவியம் எதுவும் அவர் கையில் இல்லை. அதனால் இது புனரமைப்பா, புதுக் கட்டடமா என்ற சண்டை அன்றிலிருந்து ஓயவில்லை.

‘மன்ஹாட்டனின் மிகப் பழைய கட்டடம்’ என்று யாராவது சொன்னால், அது இந்த ஊகத்தை எவ்வளவு ஏற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாறாமல் நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே 1766-ல் கட்டிய செயின்ட் பால் தேவாலயம் இருக்கிறது. நான் மெர்சரோவின் பக்கம்தான் நிற்பேன். அவர் செய்யாமல் விட்டிருந்தால் இந்த மூலையிலும் ஓர் அலுவலகக் கோபுரம் வந்திருக்கும், புதன்கிழமை விசாரணையைப் பற்றிப் பேசவும் ஓர் இடம் இருந்திருக்காது. ஆனால் எது பழசு, எது 1907 என்று பார்வையாளருக்குச் சொல்லியாக வேண்டும்.

இங்கே குண்டு வெடித்தது எப்போது?

1975 ஜனவரி 24, மதிய உணவு நேரம். போர்ட்டோ ரிக்கோ விடுதலைக்காக ஆயுதம் ஏந்திய எஃப்.ஏ.எல்.என். குழு பொறுப்பேற்றது. 4 பேர் இறந்தார்கள், 50-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். இந்தக் கொலைகளுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. 

உள்ளே என்ன இருக்கிறது?

விடைபெறல் நடந்த நீள அறையை அக்கால டேவர்ன் போலவே மேசை நாற்காலிகளோடு அமைத்திருக்கிறார்கள். கிளின்டன் அறை விருந்து அறையாக இருக்கிறது. அதன் சுவரில் ஒட்டிய பிரெஞ்சு ஓவியக் காகிதத்தை நின்று பாருங்கள், போர்க்களக் காட்சிகள் சுவர் முழுக்க ஓடும். அது 19-ம் நூற்றாண்டுப் பொருள். ஃபிரான்சஸ் அதைப் பார்த்ததில்லை. கொடிகளுக்குத் தனிக்கூடம் உண்டு. சேகரிப்பில் வாஷிங்டனின் முடிக்கற்றையும் ஒரு பல்லின் துண்டும் இருக்கின்றன. குழந்தைகளுக்குப் பல்தான் பிடிக்கும்.

அங்கேயே சாப்பிடலாமா?

கீழ்த்தளம் இன்றும் உணவகமும் பாரும்தான். அருங்காட்சியகத்துக்கு மாடியில் தனிக் கட்டணம். சாப்பிடாமலே மேலே போகலாம், மேலே போகாமலும் சாப்பிடலாம். சைவக்காரர்கள் மெனுவை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போவது நல்லது.

எப்படிப் போவது? கூட எதைப் பார்க்கலாம்?

சுரங்க ரயிலில் வைட்ஹால் ஸ்ட்ரீட், சவுத் ஃபெரி, பௌலிங் கிரீன், பிராட் ஸ்ட்ரீட் ஆகிய நான்கு நிலையங்களும் நடை தூரம்.

வெளியே வந்ததும் சாலையைக் கடந்து எதிரில் 85, பிராட் தெருக் கட்டடத்தின் அடியில் தரையைக் கவனியுங்கள். கண்ணாடி பதித்திருப்பார்கள். குனிந்து பார்த்தால் 1670-ல் கவர்னர் லவ்லேஸ் கட்டிய இன்னொரு டேவர்னின் கல் அஸ்திவாரம் தெரியும். 1706-ல் எரிந்துபோனது, அகழாய்வில் கிடைத்தது. டிக்கெட் கிடையாது, வேலைக்கு ஓடுகிறவர்கள் அதன்மேல் நடந்துகொண்டேயிருப்பார்கள். அப்புறம் வடக்கே அரை மணி நேரத்துக்குள் நடந்தால் 1991-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஆப்பிரிக்கர் இடுகாட்டு நினைவிடம். டேவர்னைப் பார்த்த அன்றே அதையும் பாருங்கள்.

இதுபோல வேறு டேவர்ன் அருங்காட்சியகம் உண்டா?

வாஷிங்டன் டி.சி. போகிறவர்களுக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அலெக்சாண்ட்ரியாவில் காட்ஸ்பி டேவர்ன் இருக்கிறது. அது பெரும்பாலும் 1785, 1792 ஆண்டுகளின் அசல் கட்டடங்கள். நடனக்கூடத்தின் மர வேலைப்பாட்டை மட்டும் 1917-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அங்கே இருப்பது நகல். வில்லியம்ஸ்பர்க்கில் உள்ள ராலே டேவர்னும் பிலடெல்பியாவின் சிட்டி டேவர்னும் முழுக்க 20-ம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியவை. ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது, பழைய மரத்தையும் சுவரையும் பார்க்க ஆசை என்றால் காட்ஸ்பிக்குப் போங்கள். நடந்தவற்றுக்காகப் போவதென்றால் பேர்ல் தெருவுக்கு வாருங்கள்.